"லோகோ ரேட் எவ்ளோ?" என்ற விசாரிப்பிலிருந்து அட்வான்ஸ் வரை: புதிய டிசைனர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாக்கி வைக்கிற கஸ்டமர், முடிவில்லாமல் கரெக்‌ஷன் கேட்கிற கஸ்டமர், பாதி வேலையில் போனை எடுக்காமல் போய்விடுகிற கஸ்டமர். இவர்களில் பெரும்பாலோர் முதல் இரண்டு மூன்று நாள் பேச்சிலேயே தங்கள் குணத்தைக் காட்டிவிடுவார்கள். வேலை கைநழுவிப் போய்விடுமோ என்ற பயத்தில் புதியவர்கள் அதைக் கண்டும் காணாமல் எல்லாவற்றுக்கும் "சரிங்க" போட்டுவிடுகிறார்கள். அட்வான்ஸ் வரும்வரைதான் பிடி உங்கள் கையில் இருக்கும். வேலையைத் தொடங்கிவிட்டால் செலவழித்த நேரமே உங்களைக் கட்டிப்போட்டுவிடும். அதனால் இந்தக் கட்டுரை அந்த முதல் கட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. தமிழ்நாட்டுச் சிறு கடைகளுக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கும் லோகோ, லேபிள், விசிட்டிங் கார்டு, போர்டு டிசைன் செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதியது. வெப்சைட், வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் உங்கள் கணக்கு

கஸ்டமரிடம் பேசுவதற்கு முன்பே, எந்தத் தொகைக்குக் கீழே போனால் நஷ்டம் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்தான் பேரத்தில் தடுமாறுவார். வீட்டுச் செலவு, இணையம், மின்சாரம், சாஃப்ட்வேர் சந்தா, லேப்டாப் தேய்மானம் எல்லாம் சேர்த்து மாதம் 40,000 ரூபாய் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 நாள், நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 200 மணி. இதில் விசாரிப்புக்குப் பதில் சொல்வது, பில் போடுவது, பிரஸுக்கு அலைவது, பாக்கி கேட்பது என்று பாதி நேரம் போய்விடும். காசு வரும் நேரம் 100 மணிதான். அப்படியானால் மணிக்கு 400 ரூபாய் அடிமட்டம்.

ஒரு லோகோவுக்கு விவரம் கேட்க 2 மணி, தேடலும் ஸ்கெட்சும் 6 மணி, கணினியில் வரைய 8 மணி, இரண்டு சுற்றுத் திருத்தம் 3 மணி, ஃபைல் தயாரிக்க 1 மணி. மொத்தம் 20 மணி, 8,000 ரூபாய். இதில் லாபமும் வரியும் இல்லை, வேலை இல்லாத மாதத்துக்கான சேமிப்பும் இல்லை. ஆகவே சொல்ல வேண்டிய ரேட் 10,000-க்கு மேல். உங்கள் செலவுக்கும் வேகத்துக்கும் ஏற்ப எண்கள் மாறும். ஆனால் இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்க்காமல் எந்த விசாரிப்புக்கும் ரேட் சொல்லாதீர்கள். போட்டுப் பார்த்தவரிடம் கஸ்டமர் "5,000-க்கு முடிச்சுக் குடுங்க" என்று கேட்டால் அவர் கோபப்படவும் மாட்டார், குழம்பவும் மாட்டார். 3,000 கைக்காசு போகிறது என்பது அவருக்கு அந்த நொடியே தெரியும்.

முதல் மெசேஜுக்கு என்ன பதில்

வாட்ஸ்அப்பில் வரும் முதல் கேள்வி பெரும்பாலும் "லோகோ ரேட் எவ்ளோ?" என்று ஒரே வரியில் இருக்கும். பெயர்கூட இருக்காது. இதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வேறு எதைக் கேட்பது என்று அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். இதற்கு இரண்டு தவறான பதில்கள் உண்டு. ஒன்று, உடனே ஒரு எண்ணைச் சொல்லிவிடுவது. என்ன வேலை என்று தெரியாமல் சொன்ன அந்த எண்ணைக் கடைசிவரை அவர் பிடித்துக்கொள்வார். இன்னொன்று, ரேட்டே சொல்லாமல் இருபது கேள்வி கேட்பது. அவர் அடுத்த டிசைனரிடம் போய்விடுவார்.

ஒரு வரம்பைச் சொல்லிவிட்டு நான்கே கேள்வி கேளுங்கள்:

"வணக்கங்க. கடைகளுக்கான லோகோ 10,000 முதல் 18,000 வரை ஆகுங்க. சரியா சொல்றதுக்கு நாலு விவரம் வேணும். 1. என்ன தொழில், எந்த ஊர்? 2. லோகோ மட்டுமா, கார்டு, போர்டு, லேபிளும் சேர்த்தா? 3. எந்தத் தேதிக்குள்ள வேணும்? 4. டிசைனைப் பார்த்து முடிவு பண்றது நீங்க மட்டுமா, வேற யாராவதும் இருக்காங்களா?"

இதைத் தயாராக எழுதி வாட்ஸ்அப் பிசினஸில் 'குயிக் ரிப்ளை'யாகச் சேமித்து வையுங்கள். வரம்பைப் பார்த்ததும் காணாமல் போகிறவர்கள் போகட்டும். அவர்களோடு மூன்று நாள் பேசி அதே முடிவுக்கு வருவதைவிட இது மேல். நான்குக்கும் ஒழுங்காகப் பதில் எழுதுகிறவர் பாதி நல்ல கஸ்டமர். "அதெல்லாம் அப்புறம், நீங்க கடைசி ரேட் சொல்லுங்க" என்கிறவரிடம் ஒரே ஒரு முறை, "என்ன வேலைன்னு தெரியாம ரேட் சொன்னா பின்னாடி உங்களுக்கும் எனக்கும் சங்கடம் வரும்ங்க" என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகும் அதே பதில் என்றால் விட்டுவிடுங்கள்.

தொழிலுக்குத் தனி எண் வைத்துக்கொள்வது நல்லது. காலை 10 முதல் மாலை 7 வரை என்று நேரம் போட்டு, மற்ற நேரத்துக்குத் தானியங்கிப் பதில் வையுங்கள். இரவு பதினோரு மணிக்கு அழைக்கிறவரின் போனை ஒருமுறை எடுத்துவிட்டால் அதுவே வழக்கமாகிவிடும். பெண் டிசைனர்களுக்கு இது இன்னும் முக்கியம். நேரில் சந்திக்க வேண்டுமென்றால் கஸ்டமரின் கடையில், கடை நேரத்தில் மட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதற்கு முகம் சுளிக்கிறவரின் வேலை வேண்டாம்.

போனில் பேசியே பழகியவர்கள் நம் ஊரில் அதிகம். அவர்களை எழுதச் சொல்லி வற்புறுத்த முடியாது. பேசி முடித்ததும் நீங்களே எழுதி அனுப்புங்கள்: "இப்ப பேசினதுங்க: மசாலா பொடி, 4 வகை, 100 கிராம் பவுச் லேபிள், ஆவணி முதல் வாரம் வேணும். சரிதானுங்களா?" அவர் "சரி" என்று போட்டால் போதும். வாய்ப்பேச்சில் ஆகும் ஒப்பந்தமும் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி செல்லும். மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்துக்காக ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவும் சொல்கிறது. வழக்குக்குப் போவதற்காக இதைச் செய்யவில்லை. எழுத்து இருந்தால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்ற பேச்சு எழாது.

"ஒரு லேபிள்தானே" என்பதற்குள் என்ன இருக்கிறது

"சின்ன வேலைதாங்க" என்று வரும் வேலையை அளந்து காட்டுவது உங்கள் பொறுப்பு. பொடி வகை லேபிளையே பாருங்கள். பெயரும் மிளகாய்ப் படமும் போட்டால் முடிந்தது என்று கஸ்டமர் நினைப்பார். அதில் பொருளின் பெயர், எடை வரிசைப்படி சேர்மானங்கள், நிகர எடை, எல்லா வரிகளும் உட்பட விலை, பேட்ச் எண், பேக் செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம் என்ற விவரம், தயாரிப்பாளர் முகவரி, வாடிக்கையாளர் புகார் எண், சைவக் குறியான பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் முத்திரையோடு 14 இலக்க எண் எல்லாம் வர வேண்டும். சிறிய பவுச்சில் இத்தனையும் படிக்கிற அளவில் உட்கார வைப்பதுதான் உண்மையான வேலை.

இந்தப் பட்டியலை கஸ்டமருக்கு அனுப்பி, "இதெல்லாம் டைப் பண்ணி அனுப்புங்க, வாய்ஸ் மெசேஜ் வேண்டாம்ங்க" என்று கேளுங்கள். அவர் யார் என்பது இதில் தெரிந்துவிடும். இரண்டு நாளில் எல்லாம் அனுப்புகிறவர் தொழிலில் தயாராக இருக்கிறார். "எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இன்னும் வரல, நீங்க டிசைன் ஆரம்பிங்க" என்கிறவரோடு வேலை செய்யலாம். ஆனால் எண் வந்த பிறகுதான் பிரிண்டுக்கு ஃபைல் தருவேன் என்று எழுதிவிட வேண்டும். "வேற கம்பெனி நம்பரைப் போட்டுக்கலாம்", "பார்கோடு ஏதாவது ஒண்ணு நெட்ல எடுத்துப் போடுங்க" என்கிறவரின் வேலையை எந்தத் தொகைக்கும் எடுக்காதீர்கள். பார்கோடு எண்ணை, அதை வழங்கும் அமைப்பான ஜிஎஸ்1 இந்தியாவில் கஸ்டமரே பதிவு செய்து வாங்கித் தர வேண்டும். நீங்கள் உருவாக்கித் தரும் பொருள் இல்லை அது.

தமிழ் எழுத்துப் பிரச்சினையையும் இந்தக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள். கஸ்டமர் வாட்ஸ்அப்பில் அனுப்புவது யூனிகோடு. பிரஸ்களில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. மாற்றும்போது ஒற்றெழுத்தும் கொம்பும் இடம் மாறிப் போகும். பவுச் அச்சு கிராவ்யூர் முறையில் போனால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி சிலிண்டர் செதுக்க வேண்டும். ஒரு எழுத்து தவறினால் சிலிண்டரை மறுபடி செதுக்க வேண்டும். அந்தச் செலவு உங்கள் டிசைன் கூலியையே விழுங்கிவிடும். அதனால் அச்சுக்கு முன் கடைசி ப்ரூஃபைப் படித்து, "படித்துப் பார்த்தேன், எழுத்து எல்லாம் சரி" என்று எழுதித் தருவது கஸ்டமர் வேலை என்பதை முதல் நாளே சொல்லுங்கள். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர், தவறு நேர்ந்தால் முழுப் பழியையும் உங்கள் மேல்தான் போடுவார்.

முடிவெடுப்பவர் யார்

நான்காவது கேள்வியை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். கூட்டு வியாபாரத்தில் தம்பி பேசுவார், அண்ணன் முடிவெடுப்பார். மகன் டிசைன் கேட்பார், காசு அப்பாவிடம் இருக்கும். இரண்டு வாரம் வேலை செய்த பிறகு, அதுவரை எட்டிப் பார்க்காதவர் "எனக்கு இந்த கலரே பிடிக்கல" என்பார். எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். "முடிவு எடுக்கிறவங்க எல்லாரும் இருக்கிற மாதிரி ஒரு பத்து நிமிஷம் பேசிடலாங்க" என்று கேளுங்கள். முடியாது என்றால் கொட்டேஷனில் ஒரு வரி சேருங்கள்: "ஒப்புதல் தருபவர் இவர், இந்த எண்ணிலிருந்து வருவதே இறுதி."

முன்பு வேறு டிசைனரிடம் செய்து பிடிக்காமல் வந்தவர் என்றால் மூன்று விஷயம் கேளுங்கள். அங்கே எதனால் நின்றது? ஓப்பன் ஃபைல், அதாவது திருத்தக்கூடிய மூல ஃபைல், கையில் இருக்கிறதா? அவருக்குத் தர வேண்டியதைத் தந்தாகிவிட்டதா? ஒருவரைப் பற்றிக் குறை சொன்னால் நியாயம் இருக்கலாம். மூன்று நான்கு பேரை அடுத்தடுத்துத் திட்டுகிறவரிடம் ஐந்தாவது ஆளாகப் போகாதீர்கள். முந்தைய டிசைனருக்குப் பாக்கி இருந்தால் அந்த டிசைனைத் தொடவே கூடாது. லோகோ போன்ற வரைகலை வேலைக்கு, எழுத்தில் மாற்றிக் கொடுக்காதவரை, பொதுவாக வரைந்தவரே உரிமையாளர். காசு கொடுக்காமல் எடுத்து வந்த டிசைனைத் திருத்திக் கொடுத்தால் அந்தச் சிக்கலில் நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். அதே தொழிலில் இருக்கும் இன்னொருவர் வயிற்றில் அடிப்பதும் ஆகும்.

பேரம்

பேரம் பேசுவதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேட்டுப் பார்ப்பது இங்கே வழக்கம். அதற்காக ரேட்டை ஏற்றி வைத்து இறக்குவது நல்ல பழக்கமில்லை. ஒருமுறை இறக்கினால் அடுத்த முறையும் அதே அளவு இறங்குவீர்கள் என்று அவர் எதிர்பார்ப்பார், அவர் அனுப்பி வைக்கிறவர்களும் எதிர்பார்ப்பார்கள்.

ரேட்டைத் தொடாமல் வேலையைக் குறையுங்கள். "12,000 என் ரேட்டுங்க. உங்க பட்ஜெட் 8,000-ன்னா ரெண்டு மாடலுக்குப் பதிலா ஒண்ணு, ஒரு சுற்றுத் திருத்தம், கார்டு டிசைன் இல்லாம லோகோ மட்டும். இது ஓகேங்களா?" தொகை குறைந்தால் ஏதோ ஒன்று குறையும் என்பது அவருக்குக் கண்ணெதிரே தெரிய வேண்டும். இதைப் புரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கிறவர்களில் பலர் பின்னாளில் நல்ல கஸ்டமர்களாக மாறுகிறார்கள், ஏனென்றால் அவர்களுக்கு உண்மையிலேயே காசு முடை இருந்தது. "8,000 தான், ஆனா எல்லாமே வேணும்" என்கிறவரின் சிக்கல் பட்ஜெட் இல்லை.

"ஆயிரத்துக்கே செஞ்சு தர்றாங்களே" என்றால் வாதாட வேண்டாம். அது உண்மைதான், ஆயத்த டெம்ப்ளேட்டில் பெயரை மாற்றித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். "ஆமாங்க, தர்றாங்க. ஆனா அதே படம் இன்னொரு கடையிலயும் இருக்கலாம், டிரேட்மார்க் பதியும்போது சிக்கல் வரலாம். அது பரவாயில்லைன்னா அதுவே உங்களுக்குப் போதும்ங்க" என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். சிலருக்கு உண்மையில் அதுவே போதும்.

"இத முதல்ல குறைச்சுக் குடுங்க, அப்புறம் நிறைய வேலை இருக்கு" என்ற வாக்குறுதிக்கும் பதில் ஒன்றுதான்: முதல் வேலை முழு ரேட், மூன்றாவது வேலையிலிருந்து 10 சதவீதம் தள்ளுபடி. வேலை நிஜமாகவே இருப்பவர் சம்மதிப்பார்.

சாம்பிள் கேட்பவர்

"ஒரு சாம்பிள் போட்டுக் காட்டுங்க, பிடிச்சா பேசலாம்." இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. லோகோவில் யோசனைதான் வேலை. அதைக் காட்டிவிட்டால் விற்க மிச்சம் எதுவும் இல்லை. ஐந்து பேரிடம் இலவச சாம்பிள் வாங்கி, பிடித்ததை வேறு ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் 500 ரூபாய்க்கு வரைந்து வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு.

கேட்பவரின் பயம் நியாயமானது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காசு கொடுத்துப் பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்று அவர் யோசிக்கிறார். அந்தப் பயத்துக்கு மருந்து பழைய வேலைகள். அவர் தொழிலுக்கு அருகில் உள்ள மூன்று வேலையை, கடை போர்டிலும் பவுச்சிலும் அச்சான நிலையில் எடுத்த போட்டோவாக அனுப்புங்கள். இன்னும் கஸ்டமரே இல்லாத புதியவர் என்றால் கற்பனைக் கடைகளுக்கு ஐந்து டிசைன் செய்து, அவை பயிற்சி வேலை என்று குறிப்பிட்டே காட்டலாம். அதற்கும் மேல் சாம்பிள் வேண்டுமென்றால் அதைத் தனி வேலையாக விலை வையுங்கள்: ஒரு மாடல், 2,000 ரூபாய், முன்பணம். பிடித்துத் தொடர்ந்தால் மொத்தத்தில் கழித்துக்கொள்ளலாம். ஆரம்பத்தில் எதைக் காட்டினாலும் குறைந்த ரெசல்யூஷனில், குறுக்கே உங்கள் பெயர் ஓடும்படி காட்டுங்கள்.

நல்ல நாள் குறித்துவிட்டு வருபவர்

ஆவணியிலும் தையிலும் கடைத் திறப்பு அதிகம். ஐயரிடம் நாள் குறித்து, பந்தலுக்கும் சாப்பாட்டுக்கும் சொல்லிவிட்டு, கடைசியில்தான் லோகோ நினைவுக்கு வரும். "வெள்ளிக்கிழமை திறப்பு" என்று திங்கட்கிழமை வருவார்கள். தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிக் காட்டுங்கள். எல்இடி எழுத்து வைத்த போர்டு என்றால் போர்டுக்காரரே பல நாள் கேட்பார். ஃப்ளெக்ஸ் என்றால் ஒரே நாளில் வரும். சிவகாசியில் ஆஃப்செட் அச்சு என்றால் காலண்டர் வேலை நெருக்கும் மாதங்களில் உங்கள் வேலை வரிசையில்தான் நிற்கும். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் முடியக்கூடியது எது என்று பிரியுங்கள்: பெயரை நல்ல எழுத்தில் வடித்து ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். முழு லோகோ இரண்டு வாரம் கழித்து. அவசரத்துக்குக் கூடுதலாக 30 முதல் 50 சதவீதம் கேட்பது நியாயம், மற்ற வேலையை ஒதுக்கிவிட்டுத்தானே செய்கிறீர்கள். அவசர வேலைக்கு முழுத் தொகையும் முன்பணம். திறப்பு விழா முடிந்த மறுநாளே அவருடைய அவசரம் தீர்ந்துவிடும், உங்கள் பாக்கியைத் தர அவருக்கு அவசரம் இருக்காது.

சொந்தக்காரர், நண்பர்

"நம்ம பையன்தானே, போட்டுக் குடுப்பான்" என்று மாமா சொல்லும்போது கொட்டேஷன் நீட்டுவது எல்லோருக்கும் எளிதில்லை. இரண்டு வழிதான் ஒழுங்காக முடியும். ஒன்று, முழுவதும் மொய்யாகச் செய்துவிடுவது: "மாமா, கடைத் திறப்புக்கு இது என் மொய். ஒரு லோகோ, ஒரு திருத்தம்." பில்லில் 12,000 என்று போட்டு, அன்பளிப்பு என்று கழித்து, பூஜ்யமாக அனுப்புங்கள். மதிப்பு அவருக்குத் தெரியும், அடுத்த வேலைக்கு ரேட் பேசவும் வாய் வரும். இன்னொன்று, தள்ளுபடி தந்து மற்ற எல்லா விதியையும் அப்படியே வைப்பது: "உங்களுக்கு 20 சதவீதம் குறைச்சிடறேன் மாமா, அட்வான்ஸ் மட்டும் எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்." இரண்டுக்கும் நடுவில் "பார்த்துக் குடுங்க" என்று விட்டால் கடைசியில் காசும் வராது, கல்யாண வீட்டில் முகம் பார்த்துப் பேசவும் முடியாது.

பிரஸ்காரர் வழியாகவும் பெரிய நிறுவனத்திலிருந்தும் வருபவை

பிரஸ் அல்லது ஃப்ளெக்ஸ் கடை வேலை கொண்டுவந்தால் உங்கள் கஸ்டமர் பிரஸ்காரர்தான். "பார்ட்டி குடுத்ததும் தர்றேங்க" என்பதை ஏற்கக் கூடாது. அந்தப் பார்ட்டியை உங்களுக்குத் தெரியாது, கேட்கவும் முடியாது. வேலை முடிந்த எத்தனையாவது நாள் பணம் என்று தேதியாகப் பேசுங்கள்.

பெரிய நிறுவனங்கள் அட்வான்ஸ் இல்லாமல் 60 நாள், 90 நாள் கழித்துப் பணம் என்பார்கள். இதற்காகவே உத்யம் என்ற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதார், பான் இருந்தால் இணையத்தில் இலவசம். 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் (எம்எஸ்எம்இடி) சட்டப்படி குறு, சிறு நிறுவனத்துக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தமே இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கில் மாதாந்திரக் கூட்டு வட்டி. அந்தக் கெடுவைத் தாண்டித் தந்தால், தந்த ஆண்டில்தான் அதை வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும் என்ற விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்திருக்கிறது. அதனால் அக்கவுண்ட்ஸ் பிரிவினர் உத்யம் எண்ணைப் பார்த்தால் கவனிப்பார்கள். கொட்டேஷனிலும் பில்லிலும் எண்ணை அச்சிடுங்கள். வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே பதிவு இருக்கட்டும். பின்னால் பதிந்துவிட்டுப் பழைய பாக்கிக்கு உரிமை கேட்டால் தகராறு வரும்.

நிறுவனங்கள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்கான முன்பிடித்தம், பிடிக்கலாம். 2025 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். பான் எண் தராவிட்டால் 20 சதவீதம் போய்விடும். "ஜிஎஸ்டி பில் வேணும்" என்று கேட்டால், ஆண்டு மொத்த விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் சேவையாளருக்குப் பதிவு கட்டாயமில்லை என்று சொல்லுங்கள். பதிவு இல்லாமல் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது.

கொட்டேஷன்

ஒரு பக்கம் போதும். ஆனால் எண்கள் எல்லாம் இருக்க வேண்டும். எத்தனை மாடல், எத்தனை சுற்றுத் திருத்தம் என்று எழுதுங்கள். ஒரு சுற்று என்றால் எல்லாத் திருத்தங்களையும் சேர்த்து ஒரே மெசேஜில் தருவது என்றும் விளக்குங்கள். இல்லாவிட்டால் நாளுக்கொரு திருத்தமாக வரும். கூடுதல் சுற்றுக்கு இவ்வளவு என்று தொகை போடுங்கள். எந்த ஃபைல்கள் தருவீர்கள்: பிடிஎஃப், பிஎன்ஜி, எஸ்விஜி. கோரல்டிராவின் சிடிஆர், இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ போன்ற ஓப்பன் ஃபைல் சேர்த்தியா, தனி விலையா? அதிகம் சண்டை வரும் இடம் இது, தெளிவாக எழுதுங்கள். அச்சுச் செலவு சேராது. செல்போன் திரையில் தெரியும் நிறம் அச்சில் அப்படியே வராது. நாள் கணக்கு அட்வான்ஸும் விவரமும் இரண்டும் வந்த நாளிலிருந்து தொடங்கும். கஸ்டமரிடமிருந்து 30 நாள் பதிலே இல்லாவிட்டால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படும், மீண்டும் தொடங்கக் கட்டணம் உண்டு. இந்த ரேட் 15 நாள் வரை.

உரிமையைப் பற்றி ஒரு வரி: முழுத் தொகையும் வந்த பிறகு உரிமை எழுதிக் கொடுக்கப்படும். பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி இந்த மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் பொருளாகிவிடும். கஸ்டமருக்கு இதை எடுத்துச் சொன்னால், உங்களிடம் வந்தது நல்லது என்று அவருக்கே தோன்றும்.

அட்வான்ஸும் மோசடியும்

பாதித் தொகை அட்வான்ஸ், மீதி இறுதி ஃபைல்களைத் தரும் முன். 25,000-க்கு மேற்பட்ட வேலை என்றால் 50, 30, 20 என்று மூன்றாகப் பிரிக்கலாம். பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகுதான் சாஃப்ட்வேரைத் திறக்க வேண்டும். "அனுப்பிட்டேன்" என்று வரும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், போலியாகத் தயாரிக்க முடியும். உங்கள் வங்கி செயலியில் வரவைப் பாருங்கள்.

பேரமே பேசாமல், வேலை விவரமும் கேட்காமல், உடனே அட்வான்ஸ் தருகிறேன் என்கிறவரிடம்தான் கூடுதல் கவனம் வேண்டும். ராணுவத்தில் இருக்கிறேன், பெரிய கம்பெனி மேனேஜர் என்று பேசுவார். "இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்பார். பணம் பெற ஸ்கேன் செய்யவோ யுபிஐ பின் போடவோ தேவையே இல்லை, பின் கேட்டால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். "தவறி அதிகமா அனுப்பிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க" என்றால் முதலில் கணக்கைப் பாருங்கள். "டிசைன் விவரம் இதுல இருக்கு" என்று ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு செயலியை நிறுவும் ஃபைல்) வந்தால் தொடாதீர்கள். வேலை தருவதற்கு உங்களிடமே பதிவுக் கட்டணமோ டெபாசிட்டோ கேட்கிறவர் கஸ்டமரே இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் கை மாறிக்கொண்டே போகும்.

வேண்டாம் என்று சொல்வது

மரியாதை இல்லாமல் பேசுகிறவர், எழுத்தில் எதையும் தர மறுப்பவர், வேறொருவர் லோகோவை அப்படியே காப்பியடிக்கச் சொல்பவர், அட்வான்ஸ் பேச்சு வரும்போதெல்லாம் பேச்சை மாற்றுகிறவர். இவர்களுக்கு மறுப்பைச் சுருக்கமாக அனுப்புங்கள்: "விவரம் சொன்னதுக்கு நன்றிங்க. இந்த வேலையை என்னால எடுத்துச் செய்ய முடியாதுங்க. வேற ஆள் பார்த்துக்கோங்க." காரணம் எழுதினால் அதற்குப் பதில் வரும், பதிலுக்குப் பதில் என்று இழுக்கும். பதில் போடாமல் இருந்துவிடுவதும் தவறு. அவர் காத்திருந்து, நாள் நெருங்கியதும் கோபத்தோடு வருவார். தொந்தரவான ஆள் என்று தெரிந்தே இன்னொரு டிசைனர் நண்பரின் எண்ணைக் கொடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் வாங்கி, வேலை தொடங்கும் முன்பே ஒத்துவராது என்று தெரிந்தால் முழுத் தொகையையும் அன்றே திருப்பி அனுப்பி, அனுப்பிய விவரத்தை மெசேஜில் போடுங்கள். தொடங்கிவிட்டால் செய்த அளவுக்குக் கழித்து, கணக்கை எழுதி, மீதியை அனுப்புங்கள். மறுத்தவர்களின் எண்ணை போனில் ஒரு குறிப்போடு சேமித்து வையுங்கள். சிலர் நான்கைந்து மாதம் கழித்து, இரண்டு இடத்தில் பட்டுவிட்டு, நிதானமாகத் திரும்பி வருவார்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் முதல் வேலைக்கு முழுப் பணமும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டு.